முன்னுக்குப் போங்கோ, அண்ணை

வணக்கம் பிள்ளைகளே, எல்லோரும் சுகம்தானே? இந்தக் குளிருக்கு இருமல், தடிமன் என்று யாரும் படுத்துக் கிடக்கவில்லையே? மல்லித்தண்ணி அவித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலுக்குக் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு வந்து இருங்கள். குமுதினி வீட்டுப் பெண்பார்த்தல் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு ஆயத்தமும். பெண்பார்த்தல் என்றவுடன் சோபா, கேசரி, தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணித் தட்டோடு வருகிற பெண் என்று நினைத்துவிடாதீர்கள். இது மலையில் நடந்தது. அதுவும் முழங்கால் புதைகிற பனியில்.

குமுதினிக்கு மியூனிக்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கணவர் தங்கராசாவுக்கு உணவகத்தில் வேலை. ஒரே மகள் யதுசா. கால் முறிந்தவர்களைத் திரும்ப நடக்கப் பழக்குகிற வேலை அவளுக்கு. ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பனிக்காலம் வந்துவிட்டால் சனி ஞாயிறு வீட்டில் நிற்கமாட்டாள், எந்த மலையில் பனி கிடக்கிறது என்று பார்த்துத் தோழிகளோடு கிளம்பிவிடுவாள்.

இந்தப் பிள்ளைக்கு பிராங்பேர்ட்டில் ஒரு கல்யாண வீட்டில், ஐஸ்கிரீம் வாங்க நின்ற வரிசையில், சேயோன் என்று ஒரு பெடியன் பழக்கமானான். பேர்லினில் எஞ்சினியர். நல்ல பெடியன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் சம்மதம் இல்லாமல் ஒன்றும் செய்வதில்லை என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். யதுசா அதைச் சொன்ன விதத்தைத்தான் குமுதினியால் மறக்க முடியவில்லை. சின்ன வயதில் பல்லுப் பிடுங்கும்போதுகூட அழாத பிள்ளை, “மாமா வேண்டாமெண்டு சொன்னா, சரி, விட்டிடுவம் அம்மா” என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமா என்றது சேயோனின் தகப்பன் பரராசசிங்கத்தை. பேர்லினில் நொய்கெல்ன் பக்கத்தில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. கல்யாண வீடோ, செத்த வீடோ, திருவிழாவோ, அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் இருத்தாமல் ஒன்றும் தொடங்காது. வாய் திறந்து கதைப்பது குறைவு. பேர்லினில் இருக்கிற குமுதினியின் ஒன்றுவிட்ட தமக்கை ரெலிபோனில் எச்சரித்தாள்.

“கவனம் குமுது. அந்த மனிசன் மரியாதைக்காரன். முதல் ஒரு இடத்தில பொம்பிளை பாக்கப் போய், கதிரை காட்ட முந்தித் தேத்தண்ணியைக் குடுத்திட்டினம் எண்டு எழும்பி வந்தவராம். திரும்பிப் பாக்கவே இல்லையாம்!”

அன்றிலிருந்து குமுதினி வீட்டுக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் யதுசா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“நான் தட்டோட வந்து நிக்கமாட்டன் அம்மா. என்னைப் பாக்கிறதெண்டால் நடந்துகொண்டு பாக்கட்டும். நானும் அவையளைப் பாக்கவேணும்தானே?”

“நடந்துகொண்டோ? எங்க, கடைத்தெருவிலயோ?”

“ஹாசன்பேர்க்கில. பனிச்சப்பாத்துப் போட்டு.”

“உனக்கென்ன விசரே? பேர்லினில இருந்து வாற மனிசரைக் காட்டுக்குள்ள ஏத்தப்போறியோ?”

“சேயோன் கேட்டவர். மாமா ‘ம், நடப்பம்’ எண்டு சொன்னவராம்.”

அந்த ‘ம்’முக்கு அர்த்தம் தேடி ஒரு கிழமையாய் மண்டையை உடைத்தாள் குமுதினி. ஆசையில் சொன்ன ‘ம்’மா, இல்லை, “பாப்பம் உங்கட மரியாதையை” என்கிற ‘ம்’மா?

ஹாசன்பேர்க் என்றால் முயல்மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மலை ஒன்றும் இல்லை, அடி முதல் உச்சிவரை காடு. கோடையில் ஜேர்மன்காரர் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிவிடுவார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தாருக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்? நம்மிடம் இருப்பது ஒரு கீரிமலை. அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, கோவில் இருக்கிறது. மலை மட்டும் இல்லை.

தங்கராசா பஞ்சாங்கம் பார்த்தார். நல்ல காரியம், நேரம் பார்க்காமல் முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் விடிந்த கையோடு வந்தது. பொம்பிளை வீட்டில் இரவு தங்குவது முறையில்லை என்று பேர்லின்காரர் மலையடிவாரத்தில் ஒரு சின்ன விடுதியில் வந்து நின்றார்கள். இவர்கள் மியூனிக்கிலிருந்து இருட்டோடு வெளிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். வாகனம் விடும் இடத்தில் வேறு ஒரு கார்கூட இல்லை. ஜேர்மன்காரர் எல்லாம் வீட்டில் ஆறுதலாகப் பாணும் சீஸும் தின்றுகொண்டிருந்த நேரம். இரவு முழுக்கப் பெய்த பனியில் ஒரு காலடிகூட இல்லை. வேட்டியைத் தோய்த்து விரித்தது மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

‘நல்ல சகுனம்’ என்று குமுதினி நினைத்தாள். யாரும் நடக்காத பனி என்றால் என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது, பாவம்.

அவள் சேலைதான் கட்டியிருந்தாள். உள்ளே இரண்டு கம்பளிக் காற்சட்டை, மேலே மகளின் பனிச்சட்டை, அந்தச் சட்டைக்கும் மேலே நாலு பேருக்குத் தெரியும்படி பதக்கச் சங்கிலி.

“சீலையோடயோ அம்மா?”

“முதன்முதல் பாக்க வாற மனிசருக்கு முன்னால காற்சட்டையோட நிக்கிறதே? நீ வாயை மூடிக்கொண்டு வா.”

முதுகுப் பையில் தேத்தண்ணிப் போத்தல், ரோல்ஸ், வடை, கேசரி. எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றி ஒரு சில்வர் தட்டு. அது மகளுக்குத் தெரியாது.

விடுதி வாசலில் பரராசசிங்கம் நின்றார். நெடிய மனிதர், அடர்ந்த மீசை, கழுத்தில் நாலு சுற்றுச் சால்வை. பக்கத்தில் மனைவி குணேஸ்வரி, குட்டையாக, உருண்டையாக, குளிரில் மூக்குச் சிவந்து சிரித்துக்கொண்டு. பின்னால் சேயோன், யதுசாவைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு.

“வணக்கம் அண்ணை, பிரயாணமெல்லாம் சுகமோ?” என்று தங்கராசா குழைந்தார்.

“ம்,” என்றார் பரராசசிங்கம்.

குமுதினி புருசனைப் பார்த்தாள். தங்கராசா வானத்தைப் பார்த்தார்.

யதுசா கடையில் வாடகைக்கு எடுத்துவந்த பனிச்சப்பாத்துகளை ஆளுக்கு ஒரு சோடி கொடுத்தாள். முட்டை வடிவத்தில் அகலமான பிளாஸ்ரிக் பலகை, அடியில் இரும்புப் பல்லு. சாதாரணச் சப்பாத்தோடு அதன்மேல் ஏறி நின்று வாரை இறுக்கவேண்டும். அகலமாக இருப்பதால் பனியில் ஒரேயடியாகப் புதையாமல் நடக்கலாம்.

“இதென்ன பிள்ளை, சுளகைக் காலில கட்டுறாய்?” என்றாள் குணேஸ்வரி. “அரிசி புடைச்சுக்கொண்டே ஏறலாம் போல கிடக்கு.”

“காலை அகட்டி வைச்சு நடங்கோ மாமி. பின்பக்கமா மட்டும் நடக்காதேங்கோ, விழுந்திடுவியள்.”

வாத்துக்கூட்டம் மாதிரி எல்லோரும் வீதியைக் கடந்தார்கள். காட்டுப் பாதையின் வாசலில், மரத்தில் மஞ்சள் அடையாளம் போட்டிருந்த இடத்தில், யதுசா தடி இரண்டையும் ஊன்றிக்கொண்டு முன்னால் கால் வைத்தாள். குமுதினிக்குப் பகீரென்றது. மகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னடி செய்யிறாய்? பெரியாக்களுக்கு முன்னால நீ போறதோ?”

“அம்மா, முன்னுக்குப் போறதெண்டால்...”

“வாய் காட்டாதை!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பினாள். “முன்னுக்குப் போங்கோ, அண்ணை.”

“இல்லையில்லை, நீங்கள் போங்கோ தங்கச்சி.”

“ஐயோ, அதெப்பிடி? நீங்கள் இருக்க நாங்கள் போறதே? நீங்கள்தான் போகவேணும்.”

“ஓம் அண்ணை, நீங்கள்தான்,” என்று தங்கராசாவும் வழிவிட்டுக் கையைக் காட்டினார், கோவிலில் பட்டர் கையைக் காட்டுகிற மாதிரி.

பரராசசிங்கம் பாதையைப் பார்த்தார். பாதையா அது? இரண்டு பக்கமும் மரம், நடுவில் பனி. மீசையை ஒருதரம் தடவிவிட்டு, “ம்,” என்று இறங்கினார். சப்பாத்துப் போட்டும் கால் முழங்காலுக்குப் பாதிவரை புதைந்தது.

அவருக்குப் பின்னால் தங்கராசா, அதற்குப் பின்னால் குணேஸ்வரி, பிறகு குமுதினி. இளசுகள் இரண்டும் கடைசியில். யதுசா இன்னொரு தரம், “அம்மா, ஒருக்கால் கேளுங்கோவன்” என்று தொடங்கினாள். குமுதினி திரும்பாமலே கையைப் பின்னால் விட்டு ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அத்தோடு சரி.

காடு வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கிறிஸ்மஸ் மரங்களின் பெரியப்பாமார் மாதிரி ஒவ்வொரு மரமும் வானத்துக்கு நின்றது. கிளைகளில் பனி பஞ்சுப்பொதியாகக் கிடந்தது. ஒரு பொதி பொத்தென்று தங்கராசாவின் கழுத்துக்குள் விழுந்தது. “ஐயோ!” என்று கத்த வாயெடுத்தவர், சம்பந்தியாக வரப்போகிறவர் முன்னால் கத்தக்கூடாது என்று அதை “ஐ... யா, என்ன குளிர்ச்சி” என்று முடித்தார்.

கொஞ்சத் தூரம் போனதும் பரராசசிங்கம் நின்றார். தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“வடிவான மரம்,” என்றார்.

எல்லோரும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். “ஓம் அண்ணை, நல்ல வடிவு,” என்றார் தங்கராசா.

இன்னும் கொஞ்சத் தூரம். மறுபடி நின்றார்.

“இதுவும் வடிவான மரம்.”

“ஓமோம், இதுவும் நல்ல மரம்.”

மூன்றாவது தரம் அவர் நின்றபோது முன்னால் மரமே இல்லை, வெட்டிய அடிக்கட்டை ஒன்றுதான் இருந்தது. “இதுவும்...” என்று சொல்லி, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். அதையும் எல்லோரும் பயபக்தியோடு பார்த்தார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு மரக்குற்றியைக் கும்பிடாத குறை.

குமுதினி எட்டிப் பார்த்தாள். சால்வைக்கு மேலே தெரிந்த காது மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவந்திருந்தது. ‘கோவம்,’ என்று அவள் மனம் சொன்னது. ‘மனிசனுக்குக் கோவம் ஏறுது. கதிரையில இருத்தவேண்டிய ஆளைக் காட்டில நடத்துறம்.’ பின்னாலோ யதுசாவும் சேயோனும் மிதித்துச் சமமான பாதையில், கடற்கரையில் உலாவுகிற மாதிரி, கெக்கட்டம் விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். “மெல்லச் சிரியுங்கோ,” என்று திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு வயதான ஜேர்மன் சோடி வந்து சேர்ந்தது. அவர்கள் காலிலும் அதே சுளகு. ஆனால் மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை. முன்னே ஆறு பேர் மிதித்துவிட்ட பாதையல்லவா? அந்தப் பெண்மணி குமுதினியின் பக்கத்தில் நின்று, நல்ல காலை வணக்கம் சொல்லி, நன்றியும் சொன்னாள்.

முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்த குமுதினிக்கு ஜேர்மன் நன்றாகவே வரும். “எதுக்கு நன்றி?” என்று கேட்டாள்.

“பாதை போட்டதுக்கு! உங்கள் முன்னால் போகிறவர் சரியான குதிரை. அடிவாரத்திலிருந்து அவர் ஒருவரேயா மிதித்துக்கொண்டு வருகிறார்? பாவம், ஏன் நீங்கள் மாறவில்லை?”

“மாறுறதோ?”

“புதுப்பனியில் முன்னுக்குப் போகிறவருக்குத்தானே முழுப் பாடும். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் என்றால் கொஞ்சத் தூரத்துக்கு ஒருவர். முடியாவிட்டால் நாங்கள் முன்னால் போகட்டுமா?”

குமுதினிக்குக் காலுக்குக் கீழே இருந்த பனி உருகிப் போனது மாதிரி இருந்தது. திரும்பி மகளைப் பார்த்தாள். யதுசா இரண்டு கையையும் விரித்து, ‘நான் சொல்ல வந்தனான்தானே’ என்கிற மாதிரி நின்றாள்.

கடவுளே! கதிரை காட்டாததற்கு எழும்பிப் போன மனிதர். அவரைக் கொண்டுவந்து, கையைக் காட்டி, சிரித்து, வற்புறுத்தி, ஏரில் பூட்டிவிட்டாளே! அவர் உழ, இவர்கள் எல்லோரும் பின்னால் விதைக்கிற மாதிரி நடந்து வருகிறார்களே!

ஜேர்மன்காரர் முன்னால் போகட்டும் என்றால் அது அதைவிட மோசம். அந்நியர் முந்திப்போக விட்டார்கள் என்று ஆகிவிடும். “வேண்டாம், வேண்டாம், மிக்க நன்றி” என்று கும்பிடாத குறையாகச் சொன்னாள். நல்லகாலம், அந்தச் சோடி அடுத்த சந்தியில் வேறு பாதையால் திரும்பிப் போய்விட்டது.

இப்போது என்ன செய்வது? “அண்ணை, நீங்கள் பின்னுக்கு வாங்கோ” என்று சொல்ல வாய் வருமா? முன்வரிசையில் இருந்தவரை எழுப்பிக் கடைசி வாங்கில் இருத்துகிற மாதிரி அல்லவா? அவள் எட்டிப்போய்ப் புருசனின் பையைப் பிடித்து இழுத்தாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் முன்னுக்குப் போங்கோ.”

“நானோ? அவரை முந்தியோ? உனக்கு மகளுக்குக் கல்யாணம் நடக்கவேணுமோ வேண்டாமோ?”

“அவருக்கு ஏலாமல் கிடக்கு!”

“அவர் ஏலாதெண்டு சொன்னவரே? சொல்லாமல் நான் போனால் அவமரியாதை.”

தேத்தண்ணி குடித்தால் களை ஆறும் என்று நினைத்து, ஒரு மரத்தடியில் எல்லோரையும் நிறுத்தினாள். பரராசசிங்கம் குடித்தார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். “அண்ணை, காணும், திரும்புவமே?” என்று நைசாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் யதுசாவை ஒருதரம் பார்த்தார். “இல்லை. பிள்ளை உச்சிக்கெண்டு சொன்னது,” என்றார். குடித்து முடிந்ததும் எல்லோரும் பழையபடி ஒதுங்கி, மரியாதையாக அவருக்கு வழிவிட்டார்கள். அவர் மறுபடி பனிக்குள் இறங்கினார்.

குணேஸ்வரி குமுதினியின் காதுக்குள், “விட மாட்டார் தங்கச்சி. முன்னுக்கு விட்டால் முன்னுக்குத்தான். தேர் இழுக்கேக்கையும் உப்பிடித்தான், விழுந்தாலும் வடத்தை விடமாட்டார்,” என்றாள். இப்போது அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அந்த ‘விழுந்தாலும்’ என்கிற சொல்தான் குமுதினியைக் குத்தியது. கல்யாணம் போனால் போகட்டும், மனிசன் விழுந்து கிடந்தால்? ஆனால் கல்யாணம் போகட்டும் என்று நினைத்தவுடனே மகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நேரம் கண்ணுக்குள் வந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகினாள்.

மிதித்த பாதையை விட்டுப் பக்கத்துப் பனிக்குள் இறங்கினாள். ஒரு கால், மறுகால். பனி மாவுக்குள் நடக்கிற மாதிரி இழுத்தது. குணேஸ்வரியைத் தாண்டினாள். வாயைப் பிளந்து நின்ற தங்கராசாவைத் தாண்டினாள். பரராசசிங்கத்தின் தோளுக்கு நேரே வந்தாள். அவருக்கு முன்னால் ஒரு காலை எடுத்து வைத்தாள். ஒரு சப்பாத்து மற்றச் சப்பாத்தின் மேல் ஏறியது.

தொபுக்கடீர்!

சேலை, பை, பதக்கச் சங்கிலி எல்லாத்தோடும் குப்புறப் பனிக்குள் போய்விட்டாள். மேலே தெரிந்தது இரண்டு சுளகு மட்டும்.

சேயோனும் யதுசாவும் ஓடிவந்தார்கள். அதற்கு முன்னமே பரராசசிங்கம் குனிந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். குமுதினியின் புருவம், மூக்கு, பொட்டு எல்லாம் வெள்ளை.

“என்ன தங்கச்சி, வழுக்கினதோ?” என்று கேட்டார்.

வழுக்கினது என்று சொல்லியிருக்கலாம். ஓம் அண்ணை, வழுக்கிப் போட்டுது என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றிருக்கலாம். தங்கராசாவும் தூரத்தில் நின்று ‘ஓமெண்டு சொல்லு, ஓமெண்டு சொல்லு’ என்று தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“இல்லை அண்ணை, வழுக்கேல்லை,” என்றாள் குமுதினி. “உங்களை முந்தத்தான் வந்தனான்.”

தங்கராசா கண்ணை மூடிக்கொண்டார்.

“முன்னுக்கு விடுறது மரியாதை எண்டு நினைச்சன். அது மாட்டு வேலையாம், எனக்கு இப்பத்தான் தெரியும். நீங்கள் என்ன வேணுமெண்டாலும் நினையுங்கோ. இனி நான் போறன்.”

பதிலுக்கு நிற்கவில்லை. நின்றால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தடியை ஊன்றித் திரும்பி நடக்கத் தொடங்கினாள். ஐயோ, என்ன நடை அது! காலைத் தூக்கு, வை, பனி உடையும், காலை உருவு, மறுபடி தூக்கு. நாலு அடி வைக்கவே நெஞ்சு உலக்கை மாதிரி இடித்தது. ‘இதையோ அந்த மனிசன் இவ்வளவு தூரமும்...’ என்று நினைத்தாள். பின்னால் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை சப்பாத்து வருகிறது, திரும்பிப் போய்விட்டார்களா என்று பார்க்கவும் பயம். முடிந்தது, எல்லாம் முடிந்தது, யதுசாவுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்தபடியே காலைத் தூக்கினாள், வைத்தாள்.

“தம்பி தங்கராசா,” என்று பின்னால் குரல் கேட்டது.

“சொல்லுங்கோ, அண்ணை,” என்ற தங்கராசாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“இந்த மரங்கள் நல்ல வடிவு.”

“ஓம் அண்ணை. முதல் பாத்ததுகளும்...”

“முதல் நான் ஒரு மரத்தையும் பாக்கேல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.”

முதலில் வெடித்தது குணேஸ்வரி. அவள் சிரித்த சிரிப்பில் மேலே கிளையிலிருந்த பனி சொரிந்தது. “அப்ப அந்தக் குற்றி? அந்தக் குற்றியையும் வடிவெண்டு சொல்ல வந்தனீங்கள்!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியிலேயே இருந்துவிட்டாள். பிறகு சேயோன், பிறகு யதுசா, கடைசியாகப் பயந்து பயந்து தங்கராசா. குமுதினி திரும்பிப் பார்த்தாள். பரராசசிங்கத்தின் மீசை ஆடியது. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, இவ்வளவு காலத்தில ஒருதரும் என்னைப் பின்னுக்கு நடக்க விட்டதில்லை,” என்றார். “இது இவ்வளவு சுகமெண்டு தெரியாமல் போச்சு.”

அதற்குப் பிறகு யதுசா எப்படி மாறுவது என்று சொல்லிக்கொடுத்தாள். முன்னால் போகிறவர் களைத்தால் பக்கத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். மற்ற எல்லோரும் தாண்டிப் போக, அவர் கடைசியில் சேர்ந்துகொள்ளலாம். குமுதினி ஒதுங்க, தங்கராசா போனார், இரண்டு மரத்துக்கே முழங்கால் பிடித்துவிட்டது என்று ஒதுங்கினார். “உணவகத்தில நாள் முழுக்க நிக்கிற ஆளெண்டு பேர்,” என்று குமுதினி கடந்து போகும்போது குத்தலாகச் சொன்னாள். குணேஸ்வரி தன் முறைக்குக் குட்டி யானை மாதிரிப் பனியைத் தள்ளிக்கொண்டு போனாள், ஒதுங்கச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசி ஏற்றத்தில் யதுசா முன்னால் போனாள். அவள் நடக்கிறதைப் பார்க்கவேண்டுமே! நீந்துகிற மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல். பின்னால் வருகிறவர்களுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று எட்டைச் சின்னதாக வைத்துப் போனாள். பரராசசிங்கம் அதைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

உச்சியில் ஒரு மரச்சிலுவை, ஒரு வாங்கு. வாங்கிலிருந்த பனியைச் சேயோன் கையால் தட்டிவிட்டான். குமுதினி பழக்கத்தில், “இருங்கோ அண்ணை, முதல் இருங்கோ” என்று வாங்கைக் காட்டினாள். கதிரை காட்டியபிறகுதானே தேத்தண்ணி? பையைத் திறந்தபோது துவாயோடு சேர்ந்து சில்வர் தட்டும் வெளியே வந்துவிட்டது.

“அம்மா!” என்றாள் யதுசா.

“அது... ரோல்ஸ் வைக்க.”

சேயோன் தட்டை வாங்கினான். மூடிகளில் தேத்தண்ணி ஊற்றி, தட்டில் வைத்து, ஜாக்கெட்டைச் சரி செய்துகொண்டு, தலையைக் குனிந்தபடி முதலில் குமுதினியிடமும் பிறகு யதுசாவிடமும் நீட்டினான்.

“பாருங்கோவன், என்ன அடக்கம்,” என்றாள் குணேஸ்வரி. “சமைக்கவும் தெரியும் பிள்ளை. ஆனா பாட்டுப் பாடச் சொல்லிக் கேக்காதை.”

ரோல்ஸ் தின்கிற நேரத்தில் குமுதினிக்குத் தைரியம் வந்து, அந்தக் கதிரைக் கதையை மெல்ல விட்டுப் பார்த்தாள். பரராசசிங்கம் விழித்தார்.

“எழும்பிப் போனதோ? தங்கச்சி, அண்டைக்கு நான் காரை ஆரோ ஒருத்தரின்ர கேற்றுக்கு முன்னால விட்டிட்டன். தேத்தண்ணி வரேக்க யன்னலால பாத்தால், காரை இழுத்துக்கொண்டு போறாங்கள்! அதுக்குப் பின்னால ஓடினனான்.”

“அதுக்குப் பிறகு ஏன் திரும்பிப் போகேல்லை, அண்ணை?”

“வெக்கம்,” என்றார் அவர்.

“இன்னும் கேளுங்கோ,” என்று குணேஸ்வரி தொடங்கினாள். “மலை ஏறவேணுமெண்டு சொன்ன நாளிலயிருந்து இந்த மனிசன் அரிசிப் பையைத் தோளில போட்டுக்கொண்டு எங்கட மாடிப்படியில ஏறி இறங்கினது. கீழ் வீட்டு ஜேர்மன் மனிசி, வீடு மாறுறியளோ எண்டு கேட்டவ! பொம்பிளை வீட்டாருக்கு முன்னால மூச்சு வாங்கக்கூடாதாம்.”

“நீர் பேசாமல் ரோல்ஸைச் சாப்பிடும்,” என்றார் பரராசசிங்கம். காது மறுபடி சிவந்தது. இந்தத் தரம் அது கோபமில்லை என்று குமுதினிக்குத் தெரிந்தது.

தெரிந்து என்ன பயன்? வந்த விசயத்தைப் பற்றி மனிதர் ஒரு சொல்லும் சொல்லவில்லையே. ரோல்ஸ் நல்ல ருசி என்றார். தூரத்தில் தெரிந்த வெள்ளை மலைகளின் பேரை யதுசாவிடம் கேட்டார். கேசரியும் முடிந்தது. தங்கராசா குமுதினியை முழங்கையால் இடித்தார். குமுதினி தங்கராசாவை இடித்தாள். யதுசா தட்டைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளிர் ஏறியது. எழும்பினார்கள்.

இறங்குகிற பாதையின் தொடக்கத்தில் எல்லோரும் வந்து நின்றார்கள். தாங்களே மிதித்த பாதை கீழே காட்டுக்குள் வளைந்து போனது.

“முன்னுக்குப் போங்கோ, அண்...” என்று தொடங்கிவிட்டுக் குமுதினி நாக்கைக் கடித்தாள்.

“நீங்கள் போங்கோ, சம்பந்தி,” என்றார் பரராசசிங்கம்.

குமுதினி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள். தங்கராசா, “என்னவாம்? என்ன சொன்னவர்?” என்று அவள் காதுக்குள் கேட்டார், அந்தக் காட்டுக்கே கேட்கும்படி.

“மாமா,” என்றாள் யதுசா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் வாய் குறையவில்லை. “நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை.”

“அப்ப கெதியாச் சொல்லு, பிள்ளை. எனக்குக் கால் விறைக்குது.”

“ஓம்,” என்றாள்.

“என்னை ஒருதரும் கேக்கேல்லை,” என்றான் சேயோன்.

“நீ தட்டைக் கொண்டு வா,” என்றாள் குணேஸ்வரி.

கீழே இறங்கும்போது யார் முன்னால் போனார்கள், யார் பின்னால் வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பாதைதான் கிடந்ததே. பாதி வழியில் பரராசசிங்கம் நின்று ஒரு மரக்குற்றியைக் காட்டி, “வடிவான மரம்” என்றார். அந்த மலையில் இருந்த முயலெல்லாம் அன்றைக்கு ஓடியிருக்கும், அப்படிச் சிரித்தார்கள்.

சரி பிள்ளைகளே, குமுதினி வீட்டுக் கதை இவ்வளவுதான். உங்கள் வீட்டில் பெண்பார்த்தல், மாப்பிள்ளை பார்த்தல் எங்கே நடந்தது? ரயிலிலா, கடையிலா, ஆஸ்பத்திரி வாசலிலா? மரியாதை செய்யப்போய் யாரை மாட்டிவிட்டீர்கள், யார் குப்புற விழுந்தார்கள்? வெட்கப்படாமல் எழுதிப் போடுங்கள். விழுந்தவரே எழுதினால் இன்னும் நல்லது.